அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவில்

"தாடைக்குக் கீழ விட்டுட்ட," என்றார் அப்பா.

வெர்னெட்டா சவரக் கத்தியை வெந்நீரில் அலசிக்கொண்டு மறுபடி குனிந்தாள். எலும்பும் தோலுமாகிவிட்ட முகத்தில் கத்தி ஓட்டுவது பெரும்பாடாக இருந்தது. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் மழிக்க வேண்டும். இரண்டு நாளாக ஒரு வாய் சோளக் கஞ்சிகூட அவருக்கு உள்ளே இறங்கவில்லை. டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் இன்றைக்குச் சவரம் ஆகியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், படுத்துக் கிடந்த மனிதர். மாநில உயர்கல்வி ஆணையர் அவரைப் பார்க்க வருகிறாராம்.

"வெள்ளைக்காரன் வர்றான்னா சாகப் போற நேரத்துலகூட சவரம் பண்ணிக்கணுமாப்பா?"

"வெள்ளைச் சட்டை எடு. டையும் எடு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். நாற்பத்தெட்டு வயதாகிறது, தகப்பன் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருக்கிறார், இப்போதும் அவர் மேல் கோபம்தான் முதலில் வருகிறது. அது அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

டாக்டர் அலான்ஸோ திரெட்கில் டார்வர் கல்லூரிக்கு இருபத்தேழு வருஷம் தலைவராக இருந்தவர். அமெரிக்காவின் தெற்கே, கறுப்பர்கள் படிப்பதற்கென்று மாநிலம் வேண்டாவெறுப்பாக வைத்திருந்த கல்லூரி அது. அவர் கைக்கு வந்தபோது மழைக்கு ஒழுகும் நாலு கட்டிடங்கள். அவர் விட்டுப் போனபோது பல்கலைக்கழகம். நடுவில் அவர் செய்ததெல்லாம் கும்பிடு போட்டதுதான் என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். அதில் பொய்யும் இல்லை. வருஷா வருஷம் தலைநகரத்துக்குப் போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கூரை வேண்டும், கொதிகலன் வேண்டும், நூலகம் வேண்டும் என்று நின்றார். கிறிஸ்துமஸ் வந்தால் கல்லூரிப் பாடகர் குழுவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டமன்றக்காரர்கள் முன்னால் பாட வைத்தார். வெர்னெட்டாவும் அதில் பாடியிருக்கிறாள். அவர்கள் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே கேட்டார்கள். அறிவியல் கட்டிடம் அப்படி வந்ததுதான்.

இதையெல்லாம் அவள் மன்னித்திருப்பாள். 1960-ஐத்தான் மன்னிக்கவில்லை. அந்த வருஷம் டார்வர் மாணவர்கள் ஒன்பது பேர் கடைத்தெரு மருந்துக் கடைக்குள் போய், வெள்ளையர்கள் மட்டும் உட்காரும் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். அன்று சாயங்காலம் கவர்னர் மாளிகையிலிருந்து போன் வந்தது. மறுநாள் காலையில் கல்லூரித் தலைவர் ஒன்பது பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, பேர் பேராக வாசித்துக் கல்லூரியை விட்டு நீக்கினார். எட்டாவது பேர் வெர்னெட்டா திரெட்கில். மற்றவர்கள் பேரை வாசித்த அதே குரலில்தான் அதையும் வாசித்தார். இருட்டுவதற்குள் அவள் ஒஹாயோவுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு டார்வர் வாசலுக்குள் அவள் கால் வைத்ததில்லை. அப்பா ஓய்வு பெற்று, கல்லூரி வாசலுக்கு எதிரே இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் ஊருக்கே வரத் தொடங்கினாள்.

டையை முடிந்து கழுத்தருகே ஏற்றியபோது அப்பா கண்ணைத் திறந்தார்.

"லெம் ஸ்டோக்ஸ் வருவானா?"

"எங்க?"

"என் சாவுக்கு."

லெம் ஸ்டோக்ஸ் அந்த ஒன்பது பேரில் தலைவன். வெர்னெட்டாவுக்காவது அப்பா பேரைச் சொல்லி வேறொரு கல்லூரிக் கதவு திறந்தது. லெம்மை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலைக்குப் போய், அங்கே தொழிற்சங்கத்தில் பெரிய ஆளாகி, இன்றைக்கும் டார்வர் என்ற பேரை எடுத்தால் பேச்சை மாற்றுகிறவன்.

"வர மாட்டான். வந்தா பெட்டி மேல துப்பத்தான் வருவான்."

"துப்பறதுக்காவது வரச் சொல்லு." மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்க நிக்கணும்னு கெய்ன்ஸுக்குத் தெரியும்," என்றார்.

என்ன சொல்கிறார் என்று அவள் கேட்பதற்குள் வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஆணையர் லைல் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கையில் பூங்கொத்து, முகத்தில் நிஜமான வருத்தம். இவருடைய தகப்பனார் இதே ஆணையர் பதவியில் இருந்த காலத்தில்தான் அப்பா கூரைக்கும் கொதிகலனுக்கும் நடையாய் நடந்தார். மகன் வந்திருப்பது வேறு காரியத்துக்கு. டார்வரை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வெள்ளையர் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட மாநிலம் முடிவு செய்திருந்தது. அடுத்த வாரம் சட்டமன்றத்தில் ஓட்டு. சேர்ப்பது என்று பேர், மூடுவதுதான் காரியம் என்று டார்வரில் படித்தவர்கள் மூன்று மாதமாகத் தெருவில் நிற்கிறார்கள். பழைய தலைவர் வாயிலிருந்து சம்மதம் என்று ஒரு வார்த்தை வந்தால் அவர்கள் அடங்கிவிடுவார்கள் என்று யாரோ லைலுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

கட்டிலருகே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. வெர்னெட்டா மரியாதைக்காக அதிலிருந்து எழுந்தாள். லைல் அதை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"வெர்னி, அந்த நாற்காலிய வெளிய எடுத்துட்டுப் போ," என்றார் அப்பா.

புத்தி தடுமாறுகிறதோ என்று அவளுக்கு ஒரு கணம் பயம் வந்துவிட்டது. "அப்பா, அவரு உக்காரணும்ல?"

"அம்மாவுக்கு வேணும்."

அம்மா ஐடெல்லா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் கண்ணிமைக்காமல், "ஆமா, வேணும்," என்று உள்ளே வந்து, தானே அதைத் தூக்கிக்கொண்டு போய் நடையில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே பேசுவதெல்லாம் காதில் விழும் தூரம்தான் அது.

லைல் பூங்கொத்தோடு நின்றார். நின்றபடியே பேசினார். புதிதாக வரப்போகும் பெரிய நூலகத்துக்கு அப்பா பேரை வைக்கப் போகிறார்களாம். கல்லில் பொறிப்பார்களாம். பதிலுக்கு அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு சின்ன ஆசீர்வாதம், அவ்வளவுதானாம். அப்பா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கவிட்டார்.

"உங்கப்பா ரூம்ல நீள மேஜை ஒண்ணு இருக்கும். சுத்தித் தோல் நாற்காலி. ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். வருஷா வருஷம் பாத்திருக்கேன். ஒருநாளும் உக்காந்ததில்ல." மூச்சு தீர்ந்து போயிற்று. திரும்பி வரும்வரை காத்திருந்தார். "அப்ப எனக்கு வேண்டியது இருந்துது, நின்னேன். இப்ப எனக்கு ஒண்ணும் வேணாம், மிஸ்டர் லைல்."

"நீங்க களைச்சுப் போயிருக்கீங்க, அலான்ஸோ. இன்னொரு நாள்..."

"டாக்டர் திரெட்கில்," என்றது நடையிலிருந்து அம்மாவின் குரல்.

லைல் காது சிவந்து, "டாக்டர் திரெட்கில்," என்று திருத்திக்கொண்டார்.

"கெழவனுக்குப் புத்தி கலங்கிப்போச்சு, என்னமோ தலையாட்டினான்னு வெளிய ஒரு பேச்சு வரக் கூடாது," என்றார் அப்பா. "நல்லாப் பாத்துக்குங்க. சவரம் பண்ணியிருக்கேன். டை கட்டியிருக்கேன். டார்வரை மூடச் சம்மதமில்லன்னு சொல்றேன். என் மகளும் கேட்டுக்கிட்டிருக்கா."

வெர்னெட்டா கையிலிருந்த சவரத் துண்டைப் பார்த்தாள். காலையிலிருந்து அவரை மனதுக்குள் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒருநாள், 1960-இல் பேசியிருக்கக் கூடாதா இந்த மனிதர் என்றும் இருந்தது.

லைல் பூங்கொத்தை வைக்க இடம் தெரியாமல், திரும்பக் கொண்டுபோய் முற்றத்து ஊஞ்சல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம், எதிரே கல்லூரித் தேவாலயத்து மணி ஒன்றடித்து ஓய்ந்த கொஞ்ச நேரத்தில், அப்பா போய்விட்டார். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. வெர்னெட்டா டையைத் தளர்த்தப் போனபோது அம்மா அவள் கையைப் பிடித்து, அப்படியே இருக்கட்டும் என்றாள்.

சாயங்காலத்துக்குள் வீடு சாப்பாட்டால் நிரம்பிவிட்டது. பொரித்த கோழி, சீஸ் போட்ட மக்ரோனி, கீரை, வெண்ணெய்க் கேக்குகள். ஒவ்வொரு பாத்திரத்துக்கு அடியிலும் கொண்டுவந்தவள் பேர் எழுதின ஒட்டுத்தாள். அப்பாவைக் கும்பிடுகள்ளன் என்று ஏசியவர்கள் வீட்டுப் பாத்திரமும் அதில் இருந்தது. அவர்கள்தான் சமையலறையில் முதல் ஆளாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெர்னெட்டா டெட்ராய்ட்டுக்குப் போன் போட்டாள். லெம் முதலில் பிடி கொடுக்கவில்லை. உன் அப்பா, உன் துக்கம், நான் அனுதாபப்படுகிறேன் என்று அந்நியன் மாதிரி பேசினான். துப்பறதுக்காவது வரச் சொன்னார் என்று அவள் சொன்னதும் சத்தமாகச் சிரித்துவிட்டான். பிறகு, வந்தால் சாவு வீட்டு விருந்தாளியாக வர மாட்டேன், டார்வர் மாணவனாக ஊர்வலத்தில் நடக்க விட்டால் வருகிறேன், மற்றவர்களையும் கூட்டி வருகிறேன் என்றான். இதுவரை யாரிடமும் அவன் வாய்விட்டுக் கேட்காதது அது. கேட்டதை அவனே வெறுத்தான் என்று குரலிலிருந்து அவளுக்குத் தெரிந்தது.

"நீ எங்க நடப்ப, பிரெசிடெண்ட் பொண்ணே? குடும்பத்துக் காருக்குப் பின்னாலயா?"

"உங்ககூட," என்றாள் வெர்னெட்டா.

சேதி எப்படியோ பரவி, அடக்கத்துக்கு முதல் நாள் டார்வரின் இப்போதைய தலைவர் டாக்டர் மின்டர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றுவதும் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். அந்த ஒன்பது பேரை நீக்கின உத்தரவை மாநில வாரியம் இன்றுவரை ரத்து செய்யவில்லை, சட்டப்படி அவர்கள் டார்வரைச் சேர்ந்தவர்களே இல்லை, ஆணையர் முன் வரிசையில் உட்காரப் போகிறார், அடுத்த வாரம் ஓட்டு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டார்வர் அடங்காத கல்லூரி என்று பேர் வாங்கினால் நம் பக்கம் இருக்கிற நாலு ஓட்டும் போய்விடும் என்றார். லெம்முக்கும் மற்றவர்களுக்கும் தேவாலய மாடியில் நல்ல இடமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். "துக்கத்துல வர்ற நண்பர்கள்னு மரியாதையா உக்கார வெக்கிறேன், சிஸ்டர். அதுக்கு மேல என் கையில இல்ல."

"என் கையில இல்லன்னுதான் எங்கப்பாவும் சொன்னாரு," என்றாள் வெர்னெட்டா.

மின்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு கேக்கை மெழுகுத்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். மூலைகளை மடித்தாள். கட்டினாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அம்மா எப்போதும் இப்படித்தான். பஸ் ஏறின அந்தச் சாயங்காலமும் இப்படித்தான். கவர்னரின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இறங்காதே என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா கையுறை போட்ட கைகளை ஸ்டியரிங்கில் வைத்தபடி காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வெர்னெட்டா பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு தானாகவே பஸ்ஸுக்குப் போனாள். திரும்பிப் பார்த்தபோதும் கார் கதவு திறக்கவில்லை.

மறுநாள் வெயில் பழுக்கக் காய்ச்சியது. டார்வரில் ஒரு வழக்கம் உண்டு. நிறுவனர் நாளிலும், தலைவர் ஒருவர் அடக்கத்தின்போதும், படித்து முடித்தவர்கள் வருஷ வாரியாக வாசலிலிருந்து தேவாலயப் படிவரை வரிசையாக நிற்பார்கள். மூத்த வருஷம் முன்னால். படியில் வெள்ளிப் பூண் போட்ட கோலோடு ஊர்வலத் தலைவர் நின்று ஒவ்வொரு வருஷமாகக் கூப்பிடுவார். அந்த வருஷத்துக்காரர்கள் "இருக்கோம்" என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். கடைசி வருஷம் போனபின் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் குடும்பம். ஆனால் விதவை காரை விட்டு இறங்கி மண்ணில் கால் வைக்கும்வரை மணி அடிக்காது; மணி அடிக்காமல் ஒருவரும் அசையக் கூடாது. யார் போட்ட விதி என்று தெரியாது, ஆனால் மீறியவரும் கிடையாது.

வெர்னெட்டா குடும்பத்துக் காரில் ஏறவில்லை. அம்மாவிடம் அதைக் காலையிலேயே சொல்லிவிட்டாள். அம்மா தொப்பியில் ஊசி குத்திக்கொண்டே, சரி என்றாள். அவ்வளவுதான்.

வாசலில் லெம்மும் மற்ற நாலு பேரும் காத்திருந்தார்கள். இரண்டு பேர் செத்துப் போயிருந்தார்கள். ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. லெம் தலை முழுக்க நரைத்து, கறுப்புக் கோட்டுக்குள் திணறிக்கொண்டு நின்றான். கட்டியணைக்கக்கூட இல்லை, போகலாமா என்று தலையை ஆட்டினான். ஆறு பேரும் இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டினார்கள்.

வரிசையை ஒட்டி நடந்து போனபோதுதான் வெர்னெட்டா அதைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது என்று தோளோடு தோள் உரச நின்றவர்கள் நடுவே திடீரென்று வெறும் புல்தரை. அதற்கப்புறம் அறுபத்தொன்றின் வரிசை. யாரும் அந்த இடத்தை நிரப்ப நகரவில்லை. நெரிசலில் பின்னால் இருந்தவர்கள் தள்ளினாலும் அறுபத்தொன்று முன்னே வரவில்லை. அவர்களுக்கு அது பழக்கமாக இருந்தது.

ஊர்வலத் தலைவர் பர்விஸ் கெய்ன்ஸ் கோலோடு அந்தப் பக்கம் வந்தார். அப்பா காலத்தில் கல்லூரிப் பதிவாளராக இருந்தவர் அவர். அந்தக் காலையில் அப்பா பேர் வாசித்தபோது அறை மூலையில் நின்றதும் இவர்தான்.

"இது என்ன, மிஸ்டர் கெய்ன்ஸ்?"

அவர் புல்லைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "அறுபத்தொண்ணாம் வருஷ நிறுவனர் நாள்லேர்ந்து இப்படித்தான். உங்கப்பாவே வரிசைக்குள்ள வந்து கையால நகத்தி நிக்க வெச்சாரு. இந்த எடத்த மூடாதீங்கன்னாரு. எதுக்குன்னு சொல்லல. செத்தவங்களுக்குன்னு பசங்க நெனச்சுக்கிட்டாங்க. நான் நெனைக்கல."

எங்க நிக்கணும்னு கெய்ன்ஸுக்குத் தெரியும். அப்பா சொன்னது இதைத்தான். ஒரு தடவையாவது நிறுவனர் நாளுக்கு வந்திருந்தால் பார்த்திருப்பாள். வராதது அவள் வீம்பு. வரச் சொல்லாதது அவர் வீம்பு.

லெம் அசரவில்லை. "எடத்த விட்டா ஆச்சா? கூப்பிடணும்ல. இருபத்தேழு வருஷமா ஒரு போன் பண்ண முடியலையா அவரால?"

அவன் கேட்டது நியாயம்தான்.

ஆறு பேரும் அந்தப் புல்லில் காலை வைத்தார்கள். அதற்குள் மின்டர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். படிமேல் ஆணையர் லைல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விதவை இறங்காமல் அவரும் உள்ளே போய் உட்கார முடியாது. மின்டர் லெம்மிடம் மாடிக்குப் போகும் வழியைக் காட்டினார். லெம் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வரிசையைச் சேர்த்து நிற்கச் சொல்லுங்கள் என்று மின்டர் கெய்ன்ஸிடம் சொன்னார். கெய்ன்ஸுக்குத் திடீரென்று காது கேட்காமல் போயிற்று. மின்டர் அறுபத்தொன்றைப் பார்த்து, நாலடி முன்னே வாருங்கள் என்று கெஞ்சினார். நீலத் தொப்பி போட்ட ஒரு கனத்த அம்மாள் கைவிசிறியை நிறுத்தாமல், "எங்க எடம் இதான்," என்றாள். அவளைத் தாண்டி ஒருவரும் நகரவில்லை.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, மணி இன்னும் அடிக்கவில்லை.

சவ வண்டிக்குப் பின்னால் குடும்பத்துக் கார் நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. அடக்க ஏற்பாட்டாளர் வெள்ளைக் கையுறையோடு கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. உள்ளே அம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, நேரே முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மின்டர் அங்கே ஓடினார். வெர்னெட்டாவும் பின்னாலேயே போனாள்.

"மிஸஸ் திரெட்கில், எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. இறங்குங்க."

"என் பொண்ணு எங்க நிக்கப் போறா, டாக்டர் மின்டர்?"

"உங்க பக்கத்துல. பெட்டிக்குப் பின்னால."

"அது என் எடம். அவ எடம் எங்கன்னு கேட்டேன்."

மின்டர் வாரியம் என்றார், உத்தரவு என்றார், ஓட்டு என்றார். அம்மா பொறுமையாகக் கேட்டாள். இருபத்தேழு வருஷம் கவர்னர்களுக்கும் அவர்கள் மனைவிகளுக்கும் தேநீர் ஊற்றிக்கொடுத்த முகம் அது. அதில் கோபத்தைத் தேடினால் கிடைக்காது.

"எனக்கு அவசரமில்ல," என்றாள். முன்னால் நின்ற சவ வண்டியைக் கண்ணால் காட்டி, "அவருக்கும் இல்ல."

வெயில் ஏறிக்கொண்டே போனது. வரிசை முழுக்க அடக்க நிலையத்தார் கொடுத்த அட்டை விசிறிகள் அசைந்தன. முப்பதாம் வருஷத்துக் கிழவர்கள் கைத்தடியில் சாய்ந்து நின்றார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினார்கள். என்ன நடக்கிறது என்று வரிசை நெடுகச் சேதி போய்விட்டிருந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. படிமேல் லைல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா," என்றாள் வெர்னெட்டா.

அம்மா அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நான் எறங்கியிருக்கணும், வெர்னி. யாரு பாத்தா என்னன்னு எறங்கியிருக்கணும்." மறுபடி முன்னால் நின்ற வண்டியைப் பார்த்தாள். "எறங்காம உக்காந்திருக்கறது எனக்கு நல்லாப் பழக்கம். அது இன்னிக்காவது ஒதவட்டும். நீ போய் உன் எடத்துல நில்லு."

மின்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, டார்வரில் எழுபத்திரண்டில் படித்து முடித்த அந்த மனிதர், நீண்ட வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு என்ன தெரிந்ததோ. பிறகு கெய்ன்ஸிடம் போய், நீங்கள் நடத்துங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, படியேறி, லைலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். லைல் குனிந்து ஏதோ கேட்டார். மின்டர் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு பேரும் புல்லில் நின்றார்கள். இடம் ஒன்பது பேருக்கு இருந்தது. மூன்று பேருக்கான இடைவெளியை விட்டுத் தள்ளித் தள்ளி நின்றுகொண்டார்கள்.

அம்மா கையுறையைச் சரி செய்துகொண்டு இறங்கினாள். மணி அடித்தது.

வரிசை நகர்ந்தது. படியிலிருந்து கெய்ன்ஸின் குரல் ஒவ்வொரு வருஷமாகக் கூப்பிடுவதும், கிழட்டுக் குரல்களும் கனத்த குரல்களும் பதில் சொல்வதும் நெருங்கி நெருங்கி வந்தது. வெர்னெட்டாவுக்கு முன்னால் லெம்மின் பிடரி வியர்வையில் மின்னியது. அப்பாவை மன்னித்துவிட்டாயா என்று இப்போது யாராவது கேட்டால் இல்லை என்றுதான் அவள் சொல்லியிருப்பாள். ஆனால் அன்று கட்டிய டையோடுதான் அவர் இந்தப் பெட்டியில் கிடக்கிறார் என்பதில் அவளுக்குப் பெருமை இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன.

"அறுபது," என்றார் கெய்ன்ஸ்.

"இருக்கோம்," என்று சொல்லி அவர்கள் உள்ளே போனார்கள்.

இப்போது படியில் ஆறு பேர். கெய்ன்ஸ் கோலைத் தூக்கினார். கூப்பிட அவரிடம் வருஷம் இல்லை. லெம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், கூப்பிடாமல் ஓர் அடியும் வைக்க மாட்டேன் என்பது போல. பின்னால் விசிறிகள் நின்றுவிட்டன.

கெய்ன்ஸ் கோலைப் படியில் ஊன்றினார். "ஓப்பல் பிரிட்," என்றார்.

ஓப்பலுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "இருக்கேன்."

"ஜூனியஸ் கேட்ஸ்."

ஜூனியஸ் வியட்நாமில் செத்துப் போனவன். பிறகு லெம், கரகரத்த குரலில், "இருக்கான்," என்றான்.

கெய்ன்ஸ் கையில் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. அந்தக் காலையில் அப்பா வாசித்த அதே வரிசையில், ஒரு பேரும் முன்பின் ஆகாமல் போய்க்கொண்டிருந்தார். நீக்குவதற்குக் கூப்பிட்ட பேர்கள் ஒவ்வொன்றும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. லெமுவல் ஸ்டோக்ஸ் என்றபோது லெம் பதில் சொன்ன சத்தம் தேவாலயத்துக்குள் போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது.

எட்டாவது பேர் வந்தது.

"இருக்கேன்," என்றாள் வெர்னெட்டா, எல்லோருக்கும் கேட்கும்படி, பின்னால் பெட்டிவரை கேட்கும்படி.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் அவர்களை முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். பெஞ்சில் உட்காரும்போது வெளியே படியிலிருந்து கெய்ன்ஸ் அடுத்ததைக் கூப்பிடுவது கேட்டது.

"அறுபத்தொன்று."